கழித்துப் போட்ட சத்தம்

"காதுல மாட்டியிருக்கிறதைக் கழட்டுங்க முதல்ல! நான் என்ன சுவத்துகிட்டயா பேசிக்கிட்டிருக்கேன்?"

"ஐயோ, மைக் ஓடுதுடி! கொஞ்சம் வாயை மூடு!"

"மூட மாட்டேன். சமையலறைக் குழாய் சொட்டுது, சொட்டுதுன்னு எத்தனை தடவை சொல்றது? படத்துல கதவு முனகினா கேட்குது, வீட்டுல பொண்டாட்டி கத்தினா கேட்கலையா?"

படிக்கட்டில் பையும் கையுமாக ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்று, நிதானமாகக் கேட்டுவிட்டுத்தான் மேலே போனார்கள். டீச்சரின் குரல் அப்படி. மூன்றாம் வகுப்பு மொத்தத்தையும் ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற குரல். பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சம்பளமே அதற்குத்தான் என்று சொல்வார்கள். அவள் புருஷனுக்குக் குடியிருப்பில் வைத்த பெயர் 'காது'. பழைய படங்களின் ஒலியிலிருந்து இரைச்சலைக் கழித்துச் சுத்தம் செய்வது அவன் தொழில். சன்னலில் கனத்த துணியைத் தொங்கவிட்டு, பட்டப்பகலிலும் இருட்டில் உட்கார்ந்திருப்பான். பெண்டாட்டி பேசுவது மட்டும் அந்தக் காதில் விழவே விழாது.

அப்போது கைக்கு வந்திருந்தது பெரிய வேலை. திகில் படத்தில் பேர்போன மூன்று இயக்குநர்களின் பழைய படங்களை மறுபடி திரையிடப் போகிறார்கள். ஒருவர் ரத்தத்தைக் குடம் குடமாகக் கொட்டுபவர். இன்னொருவர் சொட்டு ரத்தம் காட்டாமல், காலியான நாற்காலி ஒன்றை வெகுநேரம் காட்டியே ஆளை வியர்க்க வைப்பவர். மூன்றாமவர் நடுப்பகல் வெயிலில் பயமுறுத்துபவர். சின்ன வயதில் விரலிடுக்கு வழியாகப் பார்த்த படங்களை இப்போது திரும்பப் பார்த்தபோது, ரத்தம் வெறும் சாயம் என்று காதுக்குத் தெரிந்துபோயிற்று. நாற்காலி மட்டும் இன்னும் வேலை செய்தது.

இன்னொன்றும் தெரிந்தது. பயம் வருவதற்குச் சற்றுமுன் எல்லாம் அடங்கிப்போகுமே, அந்த இடத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

மெதுவாக, நிறுத்தி நிறுத்தி.

மூன்று படங்களிலும் அதே மூச்சு.

அந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. முதலாமவர் செத்துச் சாம்பலான பிறகுதான் மூன்றாமவர் கேமராவையே தொட்டார்.

டீச்சரிடம் சொல்லிப் பார்த்தான். "உங்க மூச்சாத்தான் இருக்கும். குறட்டைக்குப் பழகுறீங்க" என்று போய்விட்டாள்.

மூன்றாவது படத்துக்கு நைந்துபோன டேப் ஒன்றுதான் மிச்சம். அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, மைக் வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தபோதுதான் குழாய்ச் சண்டை வெடித்தது. அதுவும் சரியாக அந்த மூச்சு வரும் இடத்தில். படம் முடியவும் டேப் அறுந்தது. இனி அந்தப் பதிவை விட்டால் கதி இல்லை. அதிலோ மூச்சோடு டீச்சரின் கத்தலும் கலந்து கிடந்தது.

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. 'இது குப்பை' என்று கொஞ்சம் இடத்தைக் குறித்துக் காட்டினால், இயந்திரம் அந்தச் சத்தத்தைப் பழகிக்கொண்டு முழுவதிலிருந்தும் கழித்துவிடும். கழித்ததைத் தனியாக வைத்திருக்கும். உயிருள்ள குரல் ஏதும் அதோடு போய்விட்டதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூக்கிப்போட வேண்டும்.

காதுக்கு அன்று கோபம் உச்சியில் இருந்தது. மூச்சையும் பெண்டாட்டியையும் ஒன்றாகச் சேர்த்துக் குறித்தான். குப்பை என்றான். பொத்தானை அழுத்தினான். கேட்டுப் பார்க்கவில்லை.

படம் கழுவிய கண்ணாடி போல வந்தது.

மறுநாள் காலை டீச்சர் கூப்பிட்டாள். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, "தொண்டை நல்லாத்தானே இருக்கு?" என்றார். பள்ளிக்கூடம் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டது. 'படிக்கட்டுக்கு விடிவுகாலம்' என்று முதலில் சிரித்தவர்கள்கூட, அந்தக் கதவைக் கடக்கும்போது நடையைக் கூட்டினார்கள்.

அதன் பிறகுதான் காதுக்கு உறைத்தது. ஓடிப்போய், கழித்து வைத்ததைப் போட்டுக் கேட்டான்.

மூச்சு வந்தது. குழாய்ச் சண்டை வந்தது. அதோடு முடிய வேண்டும்.

முடியவில்லை.

"என்னங்க... லைட்டைப் போடுங்க."

சண்டைக் குரல் இல்லை. தாழ்ந்த குரல்.

"இங்க யாரோ இருக்காங்க."

சமையலறைக்கு ஓடினான். டீச்சர் உட்கார்ந்து பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, என்ன என்று புருவத்தைத் தூக்கினாள்.

கழித்ததைத் திரும்பப் படத்தில் சேர்த்துப் பார்த்தான். குரல் படத்துக்குள்தான் போயிற்று, அவள் வாய்க்கு வரவில்லை. மைக்கில் கத்திப் பார்த்தான்: "இங்கதான் இருக்கேன்டி! கேட்குதா?" அந்தப் பக்கம் எட்டவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் பதிவு கொஞ்சம் நீண்டிருந்தது.

"பக்கத்துல வந்துட்டாங்க போல."

"என்னங்க, கேட்டும் கேட்காத மாதிரி இருக்காதீங்க. இந்த ஒரு தடவை மட்டும்."

வேலையை விட்டான். குளிப்பதை விட்டான். ஹெட்போனை மட்டும் விடவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மா வாசலில் மடக்கிக் கேட்டபோது கிசுகிசுத்தான். "அக்கா, அவ இதுக்குள்ளதான் இருக்கா. நான் கழட்டினா அங்க ஒத்தையா ஆயிடுவா."

"அப்ப சமையலறையில இருக்கிறது யாருப்பா?"

அவன் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஒரு மத்தியானம் அந்தக் குரல் நின்றது.

வெறும் மூச்சு.

இல்லை. கூர்ந்து கேட்டான். இரண்டு மூச்சு. ஒன்று முன்னால் போக, மற்றொன்று அதைப் பழகிக்கொண்டு பின்னால் போயிற்று.

படங்கள் திரையிடப்பட்டன. இப்படியொரு நிசப்தத்தை வாழ்நாளில் கேட்டதில்லை என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள். காது தன் கருவிகள் எல்லாவற்றையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, பக்கத்தில் நிற்பவன் பேசினாலும் கேட்காத நெசவு மில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். டீச்சரை அவள் அக்கா வந்து கூட்டிப்போனாள்.

அந்த அக்காவுக்கு ஒரு பெண். வந்த வரனையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக்கழித்தவள், திடீரென்று அடுத்து வந்தவனுக்குச் சரியென்று தலையாட்டி, கண்காணாத ஊருக்குக் குடித்தனம் போய்விட்டாள். அதற்கு ஊர் என்னென்னவோ காரணம் சொன்னது. கல்யாணத் துணியைத் தைக்கக் கொடுக்க வந்தவளை ஓரமாக உட்கார வைத்து விஷயத்தைக் கறந்தவர் தையல்காரம்மா ஒருவர்தான்.

"சித்தி நல்லாத்தான் சாப்பிடறாங்க, நடக்கிறாங்க, சிரிக்கிறாங்க. மத்தியானம் என் பக்கத்துலதான் படுப்பாங்க" என்றாளாம் அந்தப் பெண். "ஒரு நாள் சும்மா மூக்குகிட்ட கையை வெச்சுப் பார்த்தேன் ஆன்ட்டி. ரொம்ப நேரம் வெச்சிருந்தேன். ஒண்ணுமே வரலை."

"அப்புறம்?"

"அப்புறம் சித்தி கண்ணைத் திறந்து, என் கையைப் புடிச்சு மெல்ல ஓரமா வெச்சாங்க."