மிதந்து வந்த சாவி

“ஓடினவன் ஓடிட்டான். அவன் பேச்சு இப்ப எதுக்குடா?”

“அதுக்கில்லண்ணே. மரத்துண்டு கட்டின பழைய சாவி எங்கன்னுதான் கேட்டேன்.”

“அதக் கழுத்துல மாட்டிக்கிட்டேதான் ஓடியிருக்கான், திருட்டுப்பய. என் பையில எப்பவும் கெடக்கற இந்த ஒண்ணுதான் மிச்சம். நீ மெக்கானிக்கா, போலீஸா?”

தம்பி சாவியைத் திருப்பினான். ‘டிக்’ என்றது; அதோடு சரி. சுவிட்ச் செத்துவிட்டிருந்தது. படகின் தரைப்பலகையைத் தூக்கி, டீசல் நாற்றமடிக்கும் குழிக்குள் குனிந்து, ஸ்டார்ட்டரின் இரண்டு போல்ட்டுகளுக்குக் குறுக்கே நீள ஸ்க்ரூ டிரைவரை வைத்தான். நீலப்பொறி தெறித்தது. என்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். “சாவியே வேணாமா இதுக்கு?”

“வேணாம்.”

“அட.”

அந்த ‘அட’ தேவைக்கு மேல் ஒரு கணம் நீண்டது.

மதியம் மூன்று மணிதான். ஆனால் மூடுபனி நான்கு பக்கமும் ஈரத்துணி போலத் தொங்கியது. கரை எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகும் அளவுக்குத் தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. எட்டு நாளாகப் படகு இந்த இடத்துக்கு வந்ததும் சூடேறி நின்றுவிடுகிறது. துறையில் கட்டிவைத்து ஓடவிட்டால் ஒரு குறையும் இல்லை. என்ஜினுக்கு இடம் தெரியுமா என்று காலையில் சிரித்த தம்பி, இப்போது சிரிக்கவில்லை.

எட்டு நாள். ஒன்பதரை என்கிறவன் காணாமல் போய் ஒன்பது நாள்.

படகுகளுக்கு அடியில் மூழ்கிப் பாசி சுரண்டுகிற ஆள் அவன். வலது ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. “மத்ததெல்லாம் பொய்யா இருக்கலாம், கணக்கு சரியா இருக்கணும்ல” என்று தனக்குத்தானே அந்தப் பெயரை வைத்துக்கொண்டவன்.

“எவ்வளவு நேரம்டா?” அண்ணன் கத்தினான். “இன்னைக்கு இத முடிக்கலேன்னா நாளைக்கே பட்டறையக் காலி பண்ணிக்க. தம்பின்னு பாக்க மாட்டேன்.”

பட்டறை அண்ணன் பெயரில் இருந்தது. அதுதான் தம்பிக்குச் சோறு.

அவன் பின்பக்கம் போய்ப் பார்த்தான். புகைக்குழாயில் புகையோடு துப்ப வேண்டிய தண்ணீர் வரவில்லை. காய்ந்த இரைச்சல், எரிந்த ரப்பர் வாடை. சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அணைத்தான். வடிகட்டியைக் கழற்றினான், கழுவி வைத்ததுபோல் சுத்தம். பம்பைத் திறந்தான், உள்ளே ரப்பர்ச் சக்கரத்தின் ஆறு இதழ்களும் முழுசாக இருந்தன. அடித்தட்டில் கடல் தண்ணீரை உள்ளே விடும் வால்விலிருந்து ஹோஸைப் பிடுங்கினான். தண்ணீர் பீச்சியடித்து முகத்தை நனைத்தது. அடைப்பே இல்லை.

எல்லாவற்றையும் மாட்டி மறுபடி ஓட்டினான். இந்த முறை ஹோஸின் மேலேயே கையை வைத்திருந்தான். ஒரு நிமிஷம் தண்ணீர் குளிர்ச்சியாக ஓடியது. பிறகு, விழுங்கப்போகும் தொண்டை போல, ஹோஸ் அவன் உள்ளங்கைக்குள் சுருங்கித் தட்டையானது.

என்ஜினை அணைத்தான். ஹோஸ் மெல்ல உப்பியது.

“ஓடும்போது மட்டும் அடைக்குதுண்ணே. அடியில ஏதோ பிளாஸ்டிக் பை. உறிஞ்சும்போது ஓட்டையில வந்து ஒட்டிக்குது, நிறுத்தினா விட்டுடுது. இறங்கி எடுத்தாதான் உண்டு.”

“இங்கயா?” அண்ணன் தண்ணீரைப் பார்க்காமல் கேட்டான். “கரைக்குப் போயிப் பாத்துக்கலாமே.”

“கரைக்குப் போக என்ஜின் ஓடணும்ல.”

தம்பி சட்டையைக் கழற்றினான். சாவியை உருவிக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டினான். படகுக்கு அடியில் எவன் இறங்கினாலும் சாவி அவன் கழுத்தில்தான் இருக்க வேண்டும்; மேலே இருப்பவன் ஞாபகமில்லாமல் கிளப்பிவிட்டால் புரொப்பெல்லர் ஆள் பார்க்காது. அந்த வழக்கத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. சாவி நெஞ்சில் சில்லென்று பட்டதும் அவனுக்குத் தைரியம் வந்தது. ஸ்க்ரூ டிரைவர் என்ஜின்மேல் கிடந்தது. அதை அவன் நினைக்கவே இல்லை.

தண்ணீருக்குள் கண் தெரியவில்லை. பழுப்பு இருட்டு. அடிப்பலகையைக் கையால் தடவித் தடவி நகர்ந்தான். பாசி இல்லை; புதிதாகச் சுரண்டியதுபோல் வழவழப்பு. காதுக்குள் தன் இதயம். ஓட்டை இருக்கும் இடத்தைத் தொட்டான்.

பை இல்லை.

மெத்தென்று இருந்தது. குளிர்ந்திருந்தது. ஓட்டையின்மேல் பொத்தி வைத்தபடி ஒரு கை. அவன் விரல்கள் அவனைக் கேட்காமலே எண்ணின. கட்டைவிரல். அதற்கடுத்தது, பாதி.

பாதி.

அந்தக் கை ஓட்டையை விட்டது. அவன் கையைப் பிடித்தது. இறுக்கமாக இல்லை. அடையாளம் பார்ப்பதுபோல்.

உதறினான். உதைத்தான். தலை தண்ணீரைக் கிழித்து வெளியே வந்தபோது பின்பக்க ஏணியின் கம்பி கையில் சிக்கியது. காலடியில், கைக்கெட்டும் தூரத்தில், புரொப்பெல்லர்.

“என்னடா, பைதானா?” மேலே, மூடுபனிக்குள், அண்ணனின் முகம்.

ஒன்பதரை சாவியை மாட்டிக்கொண்டு இறங்கிய அன்றைக்கும் அண்ணன் பையில் இன்னொரு சாவி இருந்திருக்கிறது. ஒன்பதரை ஓடிப்போகவில்லை. இந்த இடத்தைவிட்டு எங்கேயும் போகவில்லை.

“ஆமாண்ணே,” என்றான். “பைதான்.”

“எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன். என்னைத் தூக்குண்ணே.”

அண்ணன் கையை நீட்டினான். அப்போது இருவருக்கும் நடுவில், தண்ணீரில், ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். சிவப்புப் பெயின்ட் அடித்த மரத்துண்டு கீழிருந்து எழும்பி மிதந்தது. அதில் சாவி. அறுந்த கயிறு.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

அண்ணன் நீட்டிய கை மெல்லத் திரும்பிப் போனது.

“அன்னைக்கு ரொம்ப நேரம் ஆக்கிட்டான்டா,” என்றான் அண்ணன், சாதாரணமாக. “எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா?”

முகம் மறைந்தது. தரைப்பலகை தூக்கப்படும் சத்தம். கியர் தண்டு முன்னால் விழும் சத்தம்.

தம்பி ஏணியில் காலை வைத்தான். கால் வரவில்லை. கணுக்காலைச் சுற்றி விரல்கள். நான்கும், ஒரு பாதியும். இழுக்கவில்லை. விடவும் இல்லை.

இரும்பில் இரும்பு உரசியது.

கழுத்துச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே… அந்த ஸ்க்ரூ டிரைவரக் கீழ வெச்சிடுண்ணே.”