மறுமுனை

ரம்பம் லேசாக வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பிடியைப் பற்றிய ரெய்னோவுக்கு முதலில் உறைத்தது அதுதான். காலை முழுக்க இந்த ரம்பம் ஈரக் கோணிமூட்டையை இழுக்கிற மாதிரி கனத்தது. இப்போது மறுமுனையில் இருப்பவன் இழுக்க ஒரே சீராகப் போயிற்று, தன் முறை வந்தபோது தடையில்லாமல் திரும்பி வந்தது. ஹால்வோருக்கு நாலு துண்டு ரொட்டியில் தெம்பு வந்துவிட்டதே என்று நினைத்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஹால்வோரை அவன் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. கடலோர மலைச்சரிவில் நிற்கும் இந்த ஃபிர் மரங்களின் அடியைச் சுற்றி ஒரு குடும்பமே கைகோத்து நிற்கலாம். தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில், மரத்தில் பள்ளம் வெட்டிச் செருகிய பலகைமேல் இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். ரம்பம் மரத்துக்குள் இறங்கிவிட்டால் கூட்டாளி என்பவன் ஒரு முகம் இல்லை, கைக்கு வரும் ஓர் இழுப்பு மட்டும்தான். ஒன்பது வருஷமாக ஹால்வோரின் இழுப்பு ரெய்னோவின் தோளில் பழகிக் கிடந்தது. அவன் எப்போது பல்லைக் கடிக்கிறான், எப்போது புகையிலையை உதட்டின் மறுபக்கம் ஒதுக்குகிறான் என்றுகூடத் தெரியும்.

இருமல் வந்தது செப்டம்பரில். அதிலிருந்து ஹால்வோர் இழுப்பதில்லை, தொங்குகிறான். ரெய்னோ இரண்டு பேர் வேலையைச் செய்தான். ராத்திரி கொட்டகையில் நாற்பது பேரின் ஈரக் காலுறைகள் அடுப்பைச் சுற்றி ஆவி விட, முழங்கையை மடக்க முடியாமல் படுத்துக் கிடந்தான். வெட்டுக்காரர்களின் மேஸ்திரி மக்ரெடிக்குக் கண் இல்லாமல் இல்லை. இன்று காலை ரெய்னோவைத் தனியாக அழைத்து, பெரியவர் தேறுவாரா மாட்டாரா, சாயங்காலத்துக்குள் சொல், ஒரு வாட்டசாட்டமான பையன் காத்திருக்கிறான் என்றான். தேறமாட்டார் என்றால் ஹால்வோர் கீழே டவுனுக்குப் போகவேண்டும். ஊர், உறவு என்று யாரும் இல்லாத நார்வேக்காரன். ஆற்றங்கரை விடுதியில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான், குளிர்காலம் முடியுமுன் செத்துப்போவான். அது மக்ரெடிக்கும் தெரியும்.

ரெய்னோ பதில் சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒம்போது வருஷம் கூட வேல பாத்தேங்கிறதுக்காக ஒன்ன நான் சுமக்கணுமா? எனக்கும் ஒடம்புதான்யா இது. சாயங்காலத்துக்குள்ள மக்ரெடிக்கு நான் பதில் சொல்லணும்."

ஹால்வோர் ரொட்டியை முடித்தான். மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிப் போனான். பிசின் பிடித்த ரம்பத்துக்கு அவ்வப்போது அதைத் தெளித்தால்தான் ஓடும். ரெய்னோ தன் பலகையில் ஏறினான். கொஞ்ச நேரத்தில் கைப்பிடி அசைந்தது. பிடித்துக்கொண்டான்.

கூப்பிடவில்லை.

ஓய்வுக்குப் பிறகு முதல் இழுப்புக்கு முன் ஒருவன் மற்றவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், மற்றவன் பதில் சொல்ல வேண்டும். அதன்பிறகே கைப்பிடியைத் தொடலாம். அந்தப் பக்கம் எண்ணெய் விடுகிறவன் விரல் போய்விடக்கூடாதே என்பதற்கான வழக்கம் இது. பழைய ஸ்வீடன்காரர்கள் வேறு காரணம் சொல்வார்கள்: சும்மா கிடக்கிற முனையைப் பிடிக்க இந்தக் காட்டில் ஆள் நிறைய இருக்கிறதாம். சொல்லிவிட்டுச் சிரித்து, புகையிலை எச்சிலைத் துப்புவார்கள். இன்று ரெய்னோவுக்கு அந்தப் பெயரைச் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது மனம் இளகிவிட்டது. இந்த இழுப்பு போதும், மக்ரெடியிடம் தேறிவிட்டார் என்று சொல்லிவிடலாம்.

"நல்லா இழுக்கிறய்யா," என்று மரத்தைப் பார்த்துச் சொன்னான்.

பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது. இருக்கட்டும்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மேலே கிளைகளுக்குள் மூடுபனி இறங்கி, மத்தியானமே மாலை மாதிரி மங்கிப்போயிருந்தது. ரம்பம் போய் வந்தது, போய் வந்தது, நீளநீளமான மஞ்சள் இழைகளாக மரத்தூள் அவன் ஆணி பூட்ஸின்மேல் விழுந்தது, பச்சை மரத்தின் புளிப்பு வாசனையும் பிசின் வாசனையும் எழுந்தன. மண்ணெண்ணெய் வாசனை வரவில்லை என்பது வெகுநேரம் கழித்தே மூக்குக்குத் தெரிந்தது. எண்ணெய் விடாமல் எப்படி இவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது? இருமலும் கேட்கவில்லை. செப்டம்பரிலிருந்து பத்து இழுப்புக்கு ஒரு தடவை கேட்ட இருமல். தள்ளி ஓடையோரம் கத்திக்கொண்டிருந்த பறவையும் நின்றிருந்தது.

தோள் எரிந்தது. ரெய்னோ கைப்பிடியை இரண்டு தரம் வெட்டி இழுத்தான். நிறுத்து, மூச்சு வாங்கிக்கொள்வோம் என்று அர்த்தம்.

ரம்பம் நிற்கவில்லை.

மறுபடி இரண்டு தரம். அந்தப் பக்கம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவன் கைகள் இழுபட்டுப் போய், அவன் இழுக்காமலே திரும்பி வந்தன. தான் வேலை செய்யவில்லை, தன்னை வைத்து வேலை நடக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. அதைவிட விசித்திரம் ஒன்று. இந்த ஆழத்துக்கு வெட்டினால் மரம் முனகவேண்டும், உச்சி ஆடவேண்டும். இது ஒரு சத்தமும் இல்லாமல் நின்றது.

குனிந்து கீழே பார்த்தான். ஈர மண்ணில் ஹால்வோரின் பூட்ஸ் தடம், ஆணிப் புள்ளிகளோடு. மரத்தைச் சுற்றிப் போயிருந்தது. அங்கே நிற்கவில்லை. திரும்பி, ஒற்றையடிப் பாதையில் இறங்கி, முகாம் பக்கம் போயிருந்தது.

திரும்பி வந்த தடம் இல்லை.

 கையை எடுக்கவேண்டும். எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தால் அந்தப் பக்கத்துக்குத் தெரிந்துவிடும்.

அப்போது இருமல் கேட்டது.

கீழே, பாதையில். பெரணிகளை விலக்கிக்கொண்டு ஹால்வோர் மேலே ஏறி வந்தான், கையில் நிறைந்த புட்டி. மூச்சிரைக்க நின்று நிமிர்ந்தான். ஓடும் ரம்பத்தைப் பார்த்தான். அவன் நின்ற இடத்திலிருந்து மரத்தின் இரண்டு பக்கமும் தெரியும்.

"எண்ணெ தீந்துபோச்சு, ரொப்பிட்டு வரலாம்னு போனேன்," என்றான். பிறகு மெதுவாக, "அதுக்குள்ள புது ஆள ஏத்திட்டியா? மக்ரெடிகிட்ட சொல்லிட்டியாப்பா?"

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் ரெய்னோவைக் கொன்றது. இல்லை, சொல்லவில்லை, சொல்லவே மாட்டேன் என்று கத்த நினைத்தான். கைப்பிடியை உதறினான்.

ரம்பம் ஓடியது.

ஆளில்லாத கைப்பிடி மரத்தை நோக்கிப் போயிற்று, வந்தது. போயிற்று, வந்தது. அவசரமே இல்லை.

ஹால்வோர் கண்ணைச் சுருக்கி அந்தப் பக்கத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் மெல்ல வெளுத்தது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. தெளிவாக. வழக்கப்படி. ரெய்னோவின் குரல்.

"ஹால்வோர், இருக்கியா?"

ரெய்னோ வாயைத் திறந்தான். பதில் சொல்லாதே. அந்த இரண்டு வார்த்தைதான். தொண்டையில் காற்று மட்டும் வந்தது. ஹால்வோருக்கு ஒன்பது வருஷப் பழக்கம், மனுஷன் யோசிப்பதற்குள் நாக்கு பதில் சொல்லிவிடும்.

"இருக்கேன், ரெய்னோ."

பெரணிகள் அசைந்தன. பாதையில் யாரும் இல்லை. புட்டி மட்டும் சாய்ந்து கிடந்தது, மண்ணெண்ணெய் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் வாசனை இப்போது வந்தது.

ரம்பம் நின்றது.

ஒரு நிமிஷம். மழை மட்டும்.

மரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். நெஞ்சு பிளக்கிற அந்த இருமல், அவன் அறிந்த இருமல். பிறகு கைப்பிடி மெல்ல அசைந்து, கனமாக, காலையில் இழுத்த அதே களைப்போடு, ரெய்னோவின் வயிற்றை நோக்கி நகர்ந்து வந்து நின்றது. அவன் பிடிப்பதற்காகக் காத்திருந்தது.