இருபத்தொரு பாட்டில்

குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையில் பழைய துணியைத் திணித்து, மேலே செங்கல்லை வைத்து, அதன்மேல் ஏறியே நின்றுவிட்டான் அவன். அப்படியும் அடங்கவில்லை. செங்கல் ஓரமாக இன்னொரு மண்புழு மிதந்து வந்தது. நெளியவில்லை. வெந்த புழு. வெள்ளையாக ஊதி, தொட்டால் தோல் கழன்றுவிடும் போலிருந்தது.

காலையிலிருந்து நாலு வாளி அள்ளிக் கொட்டியாயிற்று.

நாற்றமோ, அழுகின முட்டையை உடைத்து அதில் ஈரத் தலைமுடியைப் போட்டுப் பொசுக்கினாற்போல நாக்கின் அடியில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, எச்சிலைக்கூட விழுங்கவிடாமல் படுத்தியது.

எரிமலை அடிவாரத்து ஊர் அது. நான்கு மாதம் முன்பு மலை புகைந்ததும் மொத்த ஊரையும் வெளியேற்றிவிட்டார்கள். ஆய்வுக்கூடத்து ஆள் என்பதால் அவன் மட்டும் தங்கினான். தினமும் மலைமேல் இருக்கும் வெந்நீர் ஊற்றுக்கு ஏறி, ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து அனுப்புவதுதான் வேலை. நேற்று, 'மலை அடங்கிவிட்டது, திரும்பலாம்' என்று அறிவிப்பு வந்தது. இன்று பதினொரு மணி பஸ்ஸில் மனைவியும் ஐந்து வயது மகளும் வருகிறார்கள்.

ஆய்வுக்கூடத் தலைவிக்குப் போன் போட்டான்.

"மேடம், வீட்டு ஓட்டையில புழு வெந்து வெந்து வருது. நாத்தம் குடலைப் பிடுங்குது."

"சாக்கடை பின்னே சந்தனமா மணக்கும்?" சிரித்தாள். "இதோ பாருங்க தம்பி, ஒரு மலை எப்ப ஆரம்பிக்கும், எப்ப முடியும்னு இன்னிக்கு வரைக்கும் எவனுக்கும் சரியாத் தெரியாது. நிஜமாவே அடங்கிடுச்சா, இல்ல மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கான்னு பாக்க, உங்க ஊத்துத் தண்ணியை விட்டா எனக்கு வேற வழி கிடையாது. கடைசியா வந்த இருபத்தொரு பாட்டில். அத்தனையும் பளிங்கு. அப்புறம் என்ன பயம்?"

சொல்லிவிடலாமா?

வாயைத் திறந்தான். செங்கல் ஓரமாக இன்னொரு புழு வந்தது; காலால் ஒதுக்கினான்.



"ஒண்ணுமில்ல மேடம்."

வைத்துவிட்டான். மூன்று வாரம் முன்பு, கடைசியாக ஊற்றில் கை விட்ட நாள் கண்ணில் வந்து நின்றது. தண்ணீர்மேல் பாலாடை மாதிரி மஞ்சள் படலம். பாட்டிலை அமிழ்த்தியபோது அது மணிக்கட்டில் ஒட்டி, இன்னொரு தோலாகச் சுருங்கி இறுகியது. அடியில் வயிறு பிளந்த தவளைகள். பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடி வந்தவன் மூன்று தடவை சோப்புப் போட்டான். வழுவழுப்பு போகவில்லை.

காலடியில் செங்கல் சுட்டது.

வெளியே ஹாரன். கதவு. செருப்புச் சத்தம்.

"என்னங்க, எங்க இருக்கீங்க? ச்சீ, வீடா இது? எலி செத்துக் கிடக்கா? பாப்பாவுக்குத் தொண்டை காயுதாம், முதல்ல தண்ணி குடுக்கறேன்."

சமையலறையில் குழாய் திருகும் ஓசை.

"வேணாம்!"

ஓடினான். வழுக்கினான். எழுந்தான்.

மகள் டம்ளரைக் கீழே இறக்கினாள். மேலுதட்டில் மஞ்சளாக ஒரு மீசை. விரலால் இழுத்தாள். நீண்டது. அறுபடவில்லை.

"அப்பா, தண்ணில ஆடை."

மனைவி குழாயை மூடப் பார்த்துக் கையை உதறினாள். சூடு. அடைத்து அடைத்துக் கொட்டியது குழாய். மஞ்சளாக. கொழகொழவென்று.

இருபத்தொரு பாட்டிலையும் அவன் நிரப்பியது அந்தக் குழாயில்தான்.