திறக்காத மூன்று பெயர்கள்

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கணினி பழுதுபார்க்கும் ஆரோக்கியராஜின் கடைக்கு ஜெயபால் வந்தபோது, மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். மேசைமேல் வைத்ததும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"வத்தல்மலையில எங்க டிரஸ்ட் மூலமா பட்டாவுக்கு எழுதிப்போட்டவங்க லிஸ்டுங்க. எரநூத்துப் பன்னெண்டு பேரு. எக்செல்ல பேரைத் தொட்டா அவங்க போட்டோ தெறக்கும். மூணு பேருக்கு மட்டும் தெறக்கல. கரியன் பேரு தெறக்கல, மறுநாளே செத்துட்டாரு. நஞ்சம்மாளுக்கும் தெறக்கல. அந்த வாரமே போயிட்டாங்க."

"மூணாவது?"

"ராமக்கா. கரியனோட தங்கச்சி. விசயம் காதுல விழுந்து நாலு நாளாச்சு, பாயை விட்டு எந்திரிக்கல. களி ஒரு வாய் எறங்கல. இப்படியே விட்டா உசுரு தங்காதுங்க."

உதவியாளர் சுமித்ரா ஆர்வம் தாங்காமல் கரியன் பெயரைத் தொட்டாள். கோப்பைத் திறக்க இயலவில்லை என்றது திரை. நஞ்சம்மாளுக்கும் அதேதான். ராமக்கா பெயருக்கு வந்ததும் அவள் விரல் தானாக நின்றுவிட்டது. 

ஆரோக்கியராஜ் சாவதானமாக அதையும் தொட்டுப் பார்த்தார். திறக்கவில்லை.

"லேப்டாப் புதுசா?"

"மூணு வாரமாச்சுங்க. பழைய கம்ப்யூட்டர்ல எல்லாமே தெறந்துச்சு."

"மூணு பேருக்கும் வயசு?"

"எம்பதுக்கு மேலங்க. லிஸ்டுலயே பெரியவங்க."

பட்டியலைத் தட்டச்சு செய்த சோபனாவை ஆரோக்கியராஜ் தொலைபேசியில் அழைத்தார். தன் கைபட்டுத்தான் இரண்டு உயிர் போனதென்று அவள் அழுதாள். அவள் அழுது முடித்ததும், ஃபோல்டர்களுக்கு எப்படிப் பெயர் வைத்தாள் என்று கேட்டார்.

"ஆதார், ரேஷன்னு கார்டு இருக்கறவங்களுக்கு அந்த நம்பருங்க. இவங்க மூணு பேருக்கும் ஒரு கார்டும் இல்ல. மலையில கரியான்னு கூப்பிட்டா ஒம்பது பேரு திரும்புவாங்க. ஆளு மாறிடக் கூடாதுன்னு அப்பன், தாத்தன், கட்டுனவங்க பேரு, எந்தப் பாறைக்குக் கெழக்கால வூடுன்னு எல்லாத்தையும் ஃபோல்டர் பேராவே எழுதிட்டேனுங்க."

ஆரோக்கியராஜ் ஜெயபாலை உட்காரச் சொன்னார்.

"டிரைவ்ல ஆரம்பிச்சு ஃபைல் வரைக்கும் போற வழியை எழுதினா, சுமார் எரநூத்தம்பது எழுத்துக்குள்ள அடங்கணும். பழசுல ஃபோல்டர் டிரைவ் வாசல்லயே இருந்துச்சு. புதுசுல நீங்க டிரஸ்ட் பேரு, வருசம், பேக்கப்னு மூணு ஃபோல்டருக்குள்ள போட்டிருக்கீங்க. நம்பர்காரங்க தப்பிச்சாங்க. இவங்களுக்கு வழி நீண்டுபோச்சு, எக்செல் பாதியில நின்னுருச்சு."

"ஆனா செத்தாங்களே சார்!" என்றாள் சுமித்ரா.

"கார்டே எடுக்காம இருக்கறது யாரு? ரொம்ப வயசானவங்க. பேரு நீண்டதுக்கும் வயசுதான் காரணம், சாவுக்கும் வயசுதான் காரணம்."

நீளப் பெயர்களைப் பட்டியலிலேயே தனிக் கட்டத்தில் எழுதிவிட்டு, ஃபோல்டர்களுக்கு எண் மட்டும் வைத்தார். மொத்தத்தையும் டிரைவின் முகப்புக்கு நகர்த்தி, இணைப்புகளைப் புது வழிக்கு மாற்றினார். பிறகு மூவரும் மடிக்கணினியோடு வத்தல்மலைக்கு ஜீப்பில் ஏறினார்கள்.

மலையில் வெயில் இறங்கியிருக்கவில்லை. ராமக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆரோக்கியராஜ் பாயருகே உட்கார்ந்து அவள் பெயரைத் தொட்டார். அவள் முகம் திரையில் வந்தது. கிழவி அசையவில்லை.

"இன்னிக்குத் தெறக்கும். நாளைக்கு மூடிக்கும்," என்றாள்.

அவர் வேறொரு பெயரைத் தொட்டார். தலைப்பாகையோடு கரியன் சிரித்தார். ராமக்கா மெல்லத் திரும்பினாள்.

"உங்க அண்ணன் பேரும் தெறந்துருச்சு ஆத்தா. அவரு எந்திரிச்சு வந்தாரா?"

ராமக்கா வாசலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. நான்கு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"வரலீங்க," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தெறந்தா உசுரு வராதுன்னா, தெறக்காட்டிப் போவவும் போவாது."

கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். களி இருந்தால் கொஞ்சம் கரைத்துத் தரச் சொன்னாள்.