புனிதரின் வலக்கை

"நான் உடைக்கல. உடைச்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போடவும் மாட்டேன். போனா வேலைதானே, போகட்டும்!"

துப்பறிவாளரின் அறைக்கு வந்தவள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. நாற்சந்தியில் நிற்கும் புனிதர் சிலையைப் பன்னிரண்டு வருடமாகக் கழுவித் துடைப்பவள் அவள். கடல் கடந்து வந்து, அந்த ஊரில் முதன்முதலாக வேதம் சொன்னவரின் சிலை. ஆசி கூறத் தூக்கிய வலக்கை, நேற்றுக் காலை அவள் துணியால் துடைத்தபோது மணிக்கட்டோடு கழன்று விழுந்தது. சிலைக் குழுச் செயலாளர் ஆற அமர விசாரித்தாரா? இல்லை. "இவள்தான் கட்டையால் அடித்து உடைத்தாள்" என்று மைக்கில் ஊருக்கே அறிவித்துவிட்டார். இன்று மாலைக்குள் ஒப்புக்கொண்டு எழுதித் தராவிட்டால் வேலை கிடையாது.

துப்பறிவாளர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். அவருடைய மைத்துனனுக்கு 'அவசரம்' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? அவன் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான்.

அவளையும் கூட்டிக்கொண்டு போனபோது, சிலையடியில் செயலாளரும், சிலைக்கு வர்ணம் அடித்தவரும் காத்திருந்தார்கள். அவசரம் ஏணியில் விறுவிறுவென்று ஏறினான்.

"அத்தான், அடிபட்ட தடமே இல்ல! முறிஞ்ச இடத்துல உள்பக்கம் பாதி வெறும் சிமென்ட், பாதி வெள்ளிப் பெயின்ட். வேற ஒண்ணும் கிடைக்கல." சே, இவ்வளவுதானா என்று அவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

துப்பறிவாளர் வர்ணக்காரரிடம் திரும்பினார். "எப்ப அடிச்சீங்க?"

"போன மாசம் சார். அப்புறம் தூரிகையே படல."

"நேத்து முறிஞ்ச கைக்குள்ள போன மாசப் பெயின்ட் எப்படிப் போச்சு?"

அவசரம் ஏணியில் நின்றபடியே தலையில் அடித்துக்கொண்டான்.

"நீங்க அடிக்கும்போதே அங்கே விரிசல் இருந்திருக்கு. பெயின்ட் அதுக்குள்ள இறங்கியிருக்கு. பாதிக் கைதான் இந்த ஒரு மாசமா தாங்கிட்டிருந்தது."

வர்ணக்காரர் செயலாளரைக் கைகாட்டினார். "நான் அப்பவே காட்டினேன் சார். மேலாப் பெயின்ட் அடிச்சு மறைச்சுடுன்னு செயலாளர்தான் சொன்னாரு."

"சரி, சரி," என்று செயலாளர் மென்று விழுங்கினார். "நாளையிலருந்து வேலைக்கு வாம்மா."

"வர்றது இருக்கட்டும். நான்தான் உடைச்சேன்னு ஊரே கேட்கச் சொன்னீங்க. இல்லன்னும் அதே மாதிரி சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் மைக் வந்தது. செயலாளர் முணுமுணுத்து முடித்தார். அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எனக்கே கேட்கல. இன்னும் சத்தமா."