அறுந்ததைக் காட்டாத குறி

திருச்சியில் இப்போதெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டிய செவிப்பொட்டு உடம்பையும் மனசையும் கவனித்துக்கொண்டே இருக்கும். வலி, பயம் என்று ஏதாவது வந்தால், வீட்டுச் சுவருக்குள் மட்டும் ஓடும் வீட்டலை வழியாக மற்றவர்களுக்குச் சொல்லிவிடும். கண்வில்லையின் ஓரத்தில், ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளியும் மூன்று வளைவுகளும் தெரியும். வளைவுகள் பச்சையாக இருந்தால் இணைப்பு சரி, ஆளுக்கும் ஒன்றுமில்லை.

அந்தக் குறியை வரைந்தவள், செவிப்பொட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஜெசிந்தா. இணைப்பு அறுந்ததைக் காட்ட முதலில் ஒரு சாம்பல் குறியும் வரைந்திருந்தாள். சோதனைக்கு எடுத்த இருநூறு வீடுகளில் அது படாத பாடு படுத்தியது. மின்கலம் தீர்ந்தாலும் போதும், "பொட்டை எதுக்குக் கழட்டுன? என்ன மறைக்கிற?" என்று வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அவளே வழி சொன்னாள்: இணைப்பு போனாலும் கடைசியாக இருந்த குறியையே காட்டிக்கொண்டிருக்கலாம். சண்டை நின்றது. நிறுவனம் கேடயம் கொடுத்துக் கைதட்டியது. கெட்டிக்காரி அல்லவா!

ஒரு செவ்வாய்க்கிழமை, புதிய பழுதறி கருவியைச் சோதிக்கத் தன் வீட்டுப் பதிவையே திறந்து பார்த்தாள். கணவர் அருள்ராயனின் பொட்டு பதினோரு மாதமாக இணைப்பில் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு ஓடியபோது, அவர் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பெயருக்குப் பக்கத்தில் மூன்று வளைவுகளும் பச்சை.

"பொட்டைக் கழட்டிட்டீங்களா?"

"காதுக்குப் பின்னாடி புண்ணாச்சு. கழட்டிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீயா கேப்பேன்னு இருந்தேன். அப்புறம் அந்தப் புண்ணு கேன்சர் கட்டியா இருக்குமோன்னு டாக்டர் சந்தேகப்பட்டாரு. ஒண்ணுமில்லன்னு தெரியுற வரைக்கும் மூணு வாரம் பயந்து செத்தேன், ஜெசி. நீ பக்கத்துலதான் உக்காந்திருந்த."

"உங்களைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்..."

"என்னைப் பாக்கல. என் பேரைப் பாத்த."

அவர் திண்டுக்கல்லில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். "போகாதீங்க" என்று அவள் கெஞ்சியதற்கு, "இனிமே கேட்டு என்ன?" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஜெசிந்தா யாரையும் கேட்காமல் சாம்பல் குறியைத் திரும்பச் சேர்த்து எல்லா வீடுகளுக்கும் அனுப்பிவிட்டாள். நகரத்தில் நான்கில் ஒரு பெயர் சாம்பலாக மாறியது. உதவி மையத்தில் அழைப்புகள் குவிந்தன. எப்படி மறுபடி இணைவது என்று கேட்பார்கள் என நினைத்தாள். ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. பழைய குறியைப் போடுங்கள் என்றார்கள்.

மேலாளர் கதிரேசன் அவளைத் திட்டவில்லை. "ஜனங்க நிம்மதியா இருந்தாங்கம்மா. திருப்பிப் போட்டுடுங்க. நீங்க ஒப்புதல் குடுத்தாத்தான் பழைய குறி வீடுகளுக்குப் போகும்."

"அது பொய் சார்."

"கேட்டு வாங்குறாங்களேம்மா."

அவள் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலி காலியாக இருந்தது. கண்ணோரத்தில் அருள்ராயன் என்ற பெயரும் அதன் பக்கத்தில் சாம்பல் குறியும் நின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வந்தன. ஒரு மணி நேரம் தாங்கிப் பார்த்தாள்.

பிறகு ஒப்புதல் கொடுத்தாள். அவர் பெயருக்குப் பக்கத்தில் மூன்று வளைவுகளும் பச்சையாக வந்து நின்றன.

அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.