சுவரைப் பார்த்துத் திரும்பிய படம்

ராசா என்ற ஊரில் டோரின் வீட்டுக் கதவைத் தட்டுபவர்கள் இரண்டே வகை. ஏதாவது விற்க வந்தவர்கள் ஒன்று, பக்கத்து வீட்டு வசந்தன் இன்னொன்று. போலீசில் முப்பது வருடம் இருந்து, சார்ஜனாக ஓய்வு பெற்றவர் டோரின். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. கழுவிக் கவிழ்த்த ஒற்றைக் கோப்பைதான் அவர் சமையலறையில் எப்போதும் ஈரமாக இருக்கும்.

அன்று காலை பத்து மணிக்குத் தட்டியவர் இரண்டு வகையிலும் சேராதவர். பெயர் சுகுமாறன், வீடு பாரோயில், வயது நாற்பத்தைந்து இருக்கும். அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் வேலி ஓரமாக வசந்தனும் வந்து சேர்ந்துவிட்டார். வசந்தன் டாக்சி ஓட்டுபவர், சவாரி இல்லாத நேரமெல்லாம் துப்பறிபவர். தெருவில் கோழி காணாமல் போனாலும் அவருக்குக் கொலைவாடை அடிக்கும்.

"அக்கா, எங்கப்பா மாயாண்டி செத்து ஒரு மாசம் ஆவுது," என்றார் சுகுமாறன். "மந்தின் பக்கம் எஸ்டேட்ல, பழைய லயத்துல, வரிசை வீட்டுல இருந்தாரு. கூட சித்தப்பா சன்னாசி மட்டும்தான். ரெண்டு பேரும் ரெட்டைப் பிள்ளைங்க. அப்பா ரப்பர் பால்மரம் வெட்டி பால் எடுத்தவரு, சித்தப்பா கடைசி வரைக்கும் எஸ்டேட் லோரிதான் ஓட்டினாரு. கல்யாணம் கட்டல. சித்தப்பாவுக்கு எப்பவும் தாடி இருக்கும், அப்பாவுக்கு இருக்காது. அத வச்சுத்தான் எல்லாரும் ஆளைக் கண்டுபிடிப்பாங்க. தாடி இல்லாமலே கண்டுபிடிக்கறவங்க எங்கம்மா ஒருத்திதான். அவங்களும் இப்ப இல்ல."

"இப்ப என்ன பிரச்சினை?"

"அப்பா படத்தைப் பெரிசாக்கி, மாலை போட்டு அந்த வீட்டுலயே மாட்டினேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் போனா, படம் சுவத்தப் பாத்துத் திரும்பியிருக்கு. நேரா வச்சுட்டு வந்தேன். அடுத்த ஞாயிறும் அதே மாதிரி. சித்தப்பாவக் கேட்டா, ‘காத்து’ங்கறாரு. காத்து எப்படிக்கா ஆணியில மாட்டுன படத்தைத் திருப்பும்?"

"திருப்பாது லா," என்றார் வசந்தன் ஆவலாக.

சுகுமாறன் குரலைத் தாழ்த்தினார். "அது மட்டும் இல்ல. அப்பா செத்த வாரம், திங்கட்கிழமை அப்பாதான் போன் பண்ணாரு. சித்தப்பாவுக்கு நெஞ்சு வலி, வந்து பாருன்னாரு. புதன்கிழமை சித்தப்பா போன் பண்ணாரு, அப்பா தூக்கத்துலயே போயிட்டாருன்னு. நெஞ்சு வலிக்காரரு நல்லா நடமாடறாரு, நல்லா இருந்தவரு செத்துட்டாரு. வயசானவரு, வீட்டுச் சாவு, ஐசி, அடையாள அட்டையக் காட்டுனதும் பேப்பரெல்லாம் கிடைச்சிருச்சு. சித்தப்பா ஏதாவது பண்ணிட்டாரோன்னு நினைச்சா எனக்குச் சோறு இறங்கல."

"திங்கட்கிழமை போய்ப் பாத்தீங்களா?"

சுகுமாறன் தரையைப் பார்த்தார். "வேலை இருந்துச்சுக்கா. சனிக்கிழமை வர்றேன்னு சொன்னேன்."

"புதன்கிழமை?"

"அரை மணி நேரத்துல போயிட்டேன்."

"அதுக்கு முன்ன கடைசியா எப்ப போனீங்க?"

"மூணு வருஷம் ஆவுது," என்றார் அவர், டோரின் முகத்தைப் பார்க்காமல்.

சாவு வீட்டில் யாரோ எடுத்த படம் ஒன்று அவர் போனில் இருந்தது. டோரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். கிடத்தியிருந்தவரின் நெற்றியும் மூக்கும் வெயிலில் கறுத்திருந்தன. கன்னத்தின் கீழ்ப்பாதியும் தாடையும் மட்டும் வெளுத்துப் போயிருந்தன.

"விஷம்!" என்றார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த வசந்தன். "பாருங்க சார்ஜன் அக்கா, பாதி மூஞ்சி நிறம் மாறியிருக்கு!"

"வசந்தா, நீ காப்பியக் குடி."

தலைமாட்டில் நின்றிருந்த சித்தப்பாவுக்குத் தாடி இல்லை. முகம் முழுக்க ஒரே கறுப்பு. டோரின் கேட்பதற்கு முன்பே சுகுமாறன் காரணம் சொன்னார். "அண்ணன் செத்தா தம்பி மழிச்சுக்கணும்கா, எங்க வழக்கம். நான் போறப்பவே தாடிய எடுத்திருந்தாரு."

டோரின் போனைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னிக்கு மத்தியானமே போவோம்," என்றார்.

வசந்தனின் டாக்சி மந்தினைத் தாண்டி எஸ்டேட் மண்பாதையில் இறங்கியது. ரப்பர் மரங்களை என்றோ வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் செம்பனை நின்றது. லயத்தில் பன்னிரண்டு வீடுகள். பதினொன்றில் கதவு இல்லை, கூரை இல்லை, சிலவற்றில் சுவருமில்லை. கடைசி வீட்டு வாசலில் மட்டும் ஒரு சாரோங் காய்ந்துகொண்டிருந்தது. பேச்சுத் துணைக்கு ஒரு நாய்கூடக் கண்ணில் படவில்லை. இங்கே ஒரு மனிதன் ஒரு மாதமாகத் தனியாக இருக்கிறான் என்று நினைத்ததும் டோரினுக்குத் தன் வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்தது.

கிழவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். சுவரில் மாலையோடு தொங்கிய படம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.

"வாம்மா. இவன் சொன்னானா, நான் படத்தைத் திருப்புறேன்னு?" என்றார். குரலில் கோபமில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்து எல்லோருக்கும் பால் விடாத தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். கிழவர் குடித்து முடித்ததும் ஆள்காட்டி விரலைத் தம்ளருக்குள் விட்டு ஒரு சுற்று வழித்து, விரலை உதறி, தம்ளரைச் சன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்தார். கண் அந்தப் பக்கம் போகவேயில்லை, கை தானாகச் செய்தது.

டோரின் தன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணே, நானும் எஸ்டேட்ல பிறந்தவதான். எங்கம்மா பால்மரம் வெட்டுனவங்க. மரத்துல பால் புடிக்கற கோப்பைதான் மங்கு. வாளியில பாலை ஊத்துனதும் அந்த மங்க விரலால வழிச்சு, மழைத்தண்ணி தேங்காம கவிழ்த்து வைப்பாங்க. ஒரு நாளைக்கு ஐந்நூறு மங்கு. வீட்டுக்கு வந்தா காப்பிக் கோப்பைய‌யும் அப்படியேதான் வைப்பாங்க. லோரி ஓட்டுனவருக்கு இந்தக் கை எங்கேருந்து வந்துச்சு?"

கிழவர் கவிழ்ந்திருந்த தம்ளரைப் பார்த்தார். நிமிரவில்லை.

"அக்கா, என்ன சொல்றீங்க?" என்றார் சுகுமாறன்.

"நீங்க காட்டுன படத்துல செத்தவரோட தாடை வெளுத்திருந்துச்சு. பல வருஷமா தாடிக்குள்ள இருந்த தோலு தம்பி, வெயிலே பாக்காதது. பக்கத்துல நின்னவரு ‘இன்னிக்குத்தான் தாடிய எடுத்தேன்’ங்கறாரு, ஆனா முகம் பூரா ஒரே கறுப்பு. அப்ப தாடியோட இருந்தவரு யாரு? திங்கட்கிழமை நெஞ்சு வலின்னு படுத்தவரு யாரோ, அவருதான் புதன்கிழமை செத்தாரு. யாரும் யாருக்கும் ஒண்ணும் பண்ணல. செத்தது உங்க சித்தப்பா. மாத்துனது பேரு மட்டும்தான்."

"படம்?" என்றார் வசந்தன். அவர் குரலில் துள்ளல் போயிருந்தது.

"நீ உயிரோட இருக்கறப்ப உன் படத்துக்கு மாலை போட்டு எதிர்ல மாட்டுனா, அதப் பாத்துக்கிட்டே சோறு திங்க முடியுமா? சுகுமாறன் தம்பி வர்றதெல்லாம் மத்தியானச் சோத்து நேரம்."

சுகுமாறன் எழுந்தார். "ஏன்? ஒரு மாசமா நான் உங்களுக்குத் திதி, படையல்னு... கொள்ளி வச்சேனே! ஏன் இப்படி அழ வச்சீங்க?"

கிழவர் துண்டால் வாயைத் துடைத்தார். வெகு மெதுவாகப் பேசினார்.

"ஆஸ்பத்திரி வேணாம்னுட்டான். செவ்வாக்கிழமை என் கையப் புடிச்சுக்கிட்டு, ‘உனக்காவது அப்பான்னு அழ ஒருத்தன் இருக்கான் அண்ணே, நான் போனா இந்த லயத்துல கேக்க ஆள் ஏது’ன்னான். விடியக்காலம் போயிட்டான். நான் உக்காந்து யோசிச்சேன். சித்தப்பா சாகக் கெடக்குறாருன்னு சொன்னப்ப நீ சனிக்கிழமைன்னே. சன்னாசி செத்துட்டான்னு சொன்னா, நீ வருவே, கொள்ளியும் வைப்பே. இல்லேங்கல. ஆனா அழ மாட்டேயே. அதான் அவன் தாடிய நானே மழிச்சேன். அவன் சட்டையப் போட்டுக்கிட்டு உனக்குப் போன் பண்ணேன். உங்கப்பா செத்துட்டாருன்னேன். அரை மணி நேரத்துல வந்துட்டே."

சுகுமாறன் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ அவன் கால்ல விழுந்து அப்பா அப்பான்னு கத்துனே. நான் இருக்கேண்டான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா அவனுக்குக் கெடைச்சது போயிருக்கும். நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். அப்புறம் சொல்ல வழியே தெரியல."

டோரின் எத்தனையோ பேரை விசாரித்து எத்தனையோ பொய்களை உடைத்தவர். இந்த ஒன்றை உடைத்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது. தன்னை அம்மா என்று கூப்பிட்டு அழவும் யாரும் இல்லை. அதை அவர் இதற்கு முன் இவ்வளவு நேராக நினைத்துப் பார்த்ததில்லை.

"பேரைத் திருத்தணும் அண்ணே. நாளைக்குப் பதிவு ஆபீசுக்கு நானும் கூட வர்றேன். நடந்ததை நடந்தபடி சொல்லுவோம்," என்றார்.

சுகுமாறன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து மாலையைக் கழற்றப் போனார்.

"மாலைய விடுடா," என்றார் கிழவர் அவசரமாக. "மூஞ்சி ஒண்ணுதானே. அவனுக்குன்னு வேற படம் கிடையாது. சோறு திங்கறப்ப மட்டும்தான் திருப்புவேன். மத்த நேரம் அவன்கூடத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்."

சுகுமாறன் படத்தை நேராக மாட்டினார். மாலையைச் சரிசெய்துவிட்டு, திரும்பாமலே கூப்பிட்டார்.

"அப்பா."

கிழவர் அசையவில்லை. ஒரு மாதப் பழக்கம். அந்தக் குரலுக்கு உரியவன் பதில் சொல்லட்டும் என்பதுபோல் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகுமாறன் வந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களத்தாம்ப்பா கூப்பிடறேன்."